அக்கா எழுந்து நிற்க ஒரு மோட்டார் நாற்காலி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் அக்காவுக்கு 38 வயது. தசைச்சிதைவு நோயால் இடுப்பும் தொடையும் பலவீனமாகிவிட்டன. எழுப்பி நிறுத்தினால் வீட்டுக்குள் மெல்ல நடக்கிறார். நாற்காலியிலிருந்து தானாக எழ முடியவில்லை. எனக்கு வெல்டிங் வேலை தெரியும். பின்பக்கம் உயர்ந்து முன்னே சாயும் இருக்கை ஒன்றைச் செய்ய நினைக்கிறேன். எத்தனை கிலோ தூக்கும் மோட்டார் வாங்க வேண்டும்?

பதில்: மோட்டாரை இப்போதே வாங்கிவிடாதீர்கள். நீங்கள் நினைத்திருக்கும் சாயும் இருக்கை உங்கள் அக்காவைக் கீழே தள்ளிவிடும் என்று அஞ்சுகிறேன்.

மூட்டுவலியால் எழச் சிரமப்படும் முதியவருக்கு அது நல்ல துணை. இருக்கை பாதி தூரம் தூக்கினால் மீதியைத் தொடைத் தசை பார்த்துக்கொள்ளும். உங்கள் அக்காவிடம் குறைந்திருப்பதே அந்தத் தசைதான். இத்தகைய பலவீனம் உள்ளவர்கள் பெரும்பாலும் முழங்காலை நேராக்கி, பூட்டியதுபோல் வைத்துத்தான் நிற்கிறார்கள். இருக்கை முன்னே சாயும்போதோ முழங்கால் மடங்கியிருக்கையிலேயே எடை முழுவதும் அதன்மேல் இறங்கும். தாங்க ஆளின்றி அது மடிந்துவிடும்.

அவருக்கு வேண்டியது, சாயாமல் மட்டமாகவே உயரும் இருக்கை. இடுப்பு மேலே போகப் போகக் கால்கள் தாமாக நேராகும். முழங்காலைப் பூட்டிக்கொண்டு, கைகளை ஊன்றி, அவர் இருக்கையிலிருந்து நழுவி நின்றுவிடலாம்.

எவ்வளவு உயரம் என்பதை அவர் உடம்பே சொல்லும். கைப்பிடியுள்ள கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். இருக்கையின்மேல் 2 செ.மீ. பிளைவுட் பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, நழுவாமல் கட்டுங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் விளிம்புக்கு நகர்ந்து எழ முயலட்டும்; நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், இயன்முறை மருத்துவரும் உடனிருந்தால் மிக நல்லது. இந்தச் சோதனையை மாலையில் செய்யுங்கள். காலையில் எழ முடிகிற உயரம், களைத்த பிறகு போதாமல் போகும். கிடைத்த அளவோடு 5 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். நோய் நின்ற இடத்தில் நிற்பதில்லை. நாற்காலி அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். கைகள் எந்த உயரத்தில் ஊன்றத் தேடுகின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பிடிகள் இருக்கையோடு சேர்ந்தே உயர வேண்டும்.

இனி உங்கள் மோட்டார். அக்காவும் இருக்கையும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், 30 செ.மீ. உயரத்தை 20 நொடியில் ஏற்ற வேண்டிய திறன் வெறும் 12 வாட்தான். மோட்டார் சுழற்றும் திருகின் உராய்வில் பெரும்பகுதி வீணானாலும் 40 வாட் போதும். 24 வோல்ட்டில் 2 ஆம்பியர்கூட ஆகாது. சிரமம் திறனில் இல்லை, விசையில் இருக்கிறது. இருக்கையை மட்டமாக உயர்த்த, அதன் அடியில் கத்தரிபோல் குறுக்கிட்ட கைகளைக் கொண்ட தூக்கியை வைக்கலாம். அதைப் படுக்கைவாட்டில் தள்ளும்போது, கைகள் எவ்வளவு படுத்திருக்கின்றனவோ அவ்வளவு அதிக விசை தேவைப்படும். 10 டிகிரியில் தொடங்கினால் 80 கிலோவை அசைக்கச் சுமார் 4,450 நியூட்டன் விசை வேண்டும் (ஒரு கிலோ எடை ஏறத்தாழ 10 நியூட்டன்). 20 டிகிரியில் தொடங்கினால் அது 2,160 ஆகக் குறைந்துவிடும். 60 செ.மீ. கைகள் 20 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்கு நிமிர்ந்தால் உங்களுக்கு 30 செ.மீ. கிடைத்துவிடும். உராய்வுக்கும் பாதுகாப்புக்கும் சேர்த்து 4,000 நியூட்டன் தள்ளும் ஆக்சுவேட்டர் (மோட்டார் திருகைச் சுழற்றித் தண்டை நீட்டும் கருவி) ஒன்று போதும்.

கத்தரிக் கைகளின் அசையாத முனைகளை முன்பக்கம் வையுங்கள். அவர் எழுவது விளிம்பிலிருந்து. முழு உயரத்திலும் அந்த விளிம்புக்குக் கீழே தாங்கல் இருக்க வேண்டும். அடிச்சட்டத்தின் கால்கள் இரு பக்கமும் கவைபோல் முன்னே நீளட்டும், நடுவில் வெற்றிடம் இருக்கட்டும். பாதங்களைப் பின்னுக்கு இழுக்க இடமில்லாவிட்டால் யாராலும் எழ முடியாது.

தூக்குவதைவிட இறக்குவதில்தான் ஆபத்து அதிகம். கத்தரிக் கைகளுக்கிடையே சிக்கினால் விரல் நசுங்கும். விரல் நசுங்காதிருக்க 25 மி.மீ., முழுக்கைக்கு 120 மி.மீ. இடைவெளி வேண்டும் என்பது இயந்திரப் பாதுகாப்புத் தரங்கள் சொல்லும் அளவு. கத்தரியில் அந்த இடைவெளியை எல்லா நிலையிலும் காப்பது இயலாது. ஆகவே சுற்றிலும் மடிப்புத் துணியுறை போட்டு மூடுங்கள். இருக்கைக்கு அடியில் எதுவும் தட்டினால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சும் வையுங்கள். அழுத்திக்கொண்டிருக்கும்வரை மட்டுமே ஓட வேண்டும். விரலை எடுத்தால் நின்றுவிட வேண்டும். மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் லிமிட் சுவிட்ச், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், இரண்டும் கட்டாயம். மின்சாரமின்றியும் எடையைத் தாங்கி நிற்கும் சாதாரணத் திருகு ஆக்சுவேட்டரையே வாங்குங்கள். உள்ளே குண்டுகள் உருளும் பந்துத் திருகு உராய்வு குறைந்தது, திறன் மிக்கது, ஆனால் பிரேக் இல்லாவிட்டால் எடைக்குத் தானே சுழன்று இறங்கிவிடும்.

பேட்டரி தீர்ந்து அவர் உயரத்தில் மாட்டிக்கொண்டால்? இறங்கவும் முடியாது, எழும் வலுவும் அப்போது இல்லாமல் போகலாம். கையால் சுழற்றி இறக்கும் வழி ஒன்றை முதல் நாளிலிருந்தே வடிவமைப்பில் சேருங்கள்.

சுவிட்சின் இடத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். தோள் பலவீனமானால் கையை உயர்த்துவதே பெரிய வேலை. அவர் கை இயல்பாக ஓய்ந்திருக்கும் இடத்தில், விரல் நுனி அசைவுக்கே இயங்கும்படி பொருத்துங்கள்.

முதலில் 100 கிலோ மணல் மூட்டைகளை வைத்து 50 முறை ஏற்றி இறக்குங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நடுவே மோட்டார் ஆற நேரம் கொடுங்கள். இத்தகைய ஆக்சுவேட்டர்களுள் பல 20 நிமிடத்தில் 2 நிமிடம் மட்டுமே ஓடத் தகுந்தவை. மாலை அளவு கிடைத்ததும் எழுதுங்கள், கத்தரிக் கைகளின் நீளத்தை அதற்கேற்பக் கணக்கிட்டுத் தருகிறேன்.