நு-டிஸ்கோ, சோல்ஃபுல் ஹவுஸ் ரீமிக்ஸ்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: அக்கா, நு-டிஸ்கோவும் சோல்ஃபுல் ஹவுஸும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன. எப்படிப் பிரித்துக் கேட்பது?

பதில்: இரண்டுமே டிஸ்கோ வழி வந்த நடன இசை, ஒரே வீட்டுப் பிள்ளைகள், குழம்புவது இயல்புதான். முதலில் எது காதில் விழுகிறது என்று பாருங்கள். துள்ளி ஓடும் பேஸும் வெட்டி வெட்டி வரும் கிடாரும் என்றால் பெரும்பாலும் நு-டிஸ்கோ. நார்வேக்காரர் டாட் தெர்யே 2012இல் வெளியிட்ட 'இன்ஸ்பெக்டர் நார்ஸ்' பாடகரே இல்லாமல் சிந்தசைசரை வைத்தே ஆட வைத்தது. சோல்ஃபுல் ஹவுஸில் அது சிரமம். அங்கே கோஸ்பல் (கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டு) வாசனையோடு ஒரு குரல் நடுவில் நிற்க வேண்டும், கீபோர்டு கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்கள், அதைத் தாங்க வேண்டும். வேகத்தை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். இரண்டும் நிமிடத்துக்கு 120 தாள அடியை ஒட்டியே சுற்றும்.

கேள்வி: ஒரே சிங்கிளில் ரேடியோ எடிட், எக்ஸ்டெண்டட், டப் என்று ஐந்தாறு வடிவம் தருகிறார்களே, எதற்கு?

பதில்: டிஜேவுக்காக. எக்ஸ்டெண்டட் மிக்ஸின் தொடக்கத்தில் வெறும் தாளம் ஓடுவதைப் பார்த்து அலுத்துக்கொள்கிறோம். முந்தைய பாட்டோடு இதை இழைப்பதற்கான இடம் அது. நான்கு அடி சேர்ந்தது ஒரு பார். 120 வேகத்தில் 32 பார் என்றால் 128 அடி, அதாவது 64 விநாடி. டப்பில் குரலைத் துண்டு துண்டாக்கி எதிரொலியில் மிதக்க விடுவார்கள். வானொலிக்காகச் சுருக்கிய ரேடியோ எடிட்டை நான் கேட்பதே இல்லை.

கேள்வி: இப்படிப் பாட்டை நீட்டும் பழக்கம் யார் தொடங்கியது?

பதில்: 70களின் நியூயார்க். டாம் மோல்டன் என்பவர் ஒரு பாட்டின் மிக்ஸை இசைத்தட்டில் வெட்டப் போனபோது சிறிய தட்டு தீர்ந்துபோய், பெரிய தட்டில் வெட்டினார்கள். பள்ளங்களுக்கு இடைவெளி கூடியதும் சத்தமும் பேஸும் வேறு மாதிரி எழுந்தன. 1976இல் சால்சோல் நிறுவனம் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பர்சென்ட்' பாட்டை 12 அங்குலத் தட்டில் கடைக்கே கொண்டுவந்தது. வால்டர் கிப்பன்ஸின் ரீமிக்ஸ், ஒன்பது நிமிடத்துக்கும் மேல்.

கேள்வி: எடிட், ரீமிக்ஸ் இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. தைத்து முடித்த சட்டையை வெட்டி ஒட்டுவது எடிட். குரல், டிரம்ஸ், பேஸ் எல்லாம் தனித்தனியாகக் கைக்கு வந்து, துணியிலிருந்தே தொடங்குவது ரீமிக்ஸ்.

கேள்வி: நான் செய்த ரீமிக்ஸில் பாடகி யாரோ அந்நியர் போல ஒட்டாமல் நிற்கிறார். சுருதி சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: மூலப் பாட்டின் வேகம் என்ன? நானும் இதில் மாட்டியிருக்கிறேன். 100 வேகத்தில் இருந்த ஒரு மெதுவான பாட்டை 122க்கு இழுத்தேன். சுருதி மாறவில்லை, ஆனால் குரலின் அசைவு, அந்த வைப்ராட்டோ, வேகம் பிடித்து ஆட்டுக்குட்டி கத்துவது போல ஆகிவிட்டது. மென்பொருள் சுருதியைக் காப்பாற்றும், மூச்சைக் காப்பாற்றாது. 1993இல் 'ட்ரீம்லவர்' பாட்டை டேவிட் மொராலஸ் ரீமிக்ஸ் செய்தபோது, அதைப் பாடிய மரியா கேரி அதற்கென்றே புதிதாகப் பாடினார். நமக்கு அந்த வசதி ஏது? அதனால் சரணத்தை விட்டுவிட்டு, நீட்டி இழுக்காத வரிகளை மட்டும் எடுங்கள். அப்புறம், டிரம்ஸை நிறுத்திவிட்டு குரலையும் கார்டுகளையும் மட்டும் கேளுங்கள். அங்கே ஒட்டவில்லை என்றால் எத்தனை கைத்தட்டல் ஒலி சேர்த்தாலும் ஒட்டாது.

கேள்வி: பழைய பாட்டிலிருந்து நான்கு விநாடி எடுத்தால் அனுமதி வேண்டுமா?

பதில்: இத்தனை விநாடி வரை இலவசம் என்பதெல்லாம் வதந்தி. வெளியிடுவதாக இருந்தால் பாட்டை எழுதியவர் தரப்பு, ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் என இருவரிடமும் கேளுங்கள்.

கேள்வி: 70களின் டிஸ்கோ பாட்டை எடிட் செய்யும்போது, கொஞ்ச நேரத்தில் என் டிரம்ஸும் அதுவும் விலகிவிடுகின்றன. கோப்பில் கோளாறா?

பதில்: கோப்பு சரிதான். மனிதர் வாசித்த டிரம்ஸ் அது, பல்லவி வந்ததும் உற்சாகத்தில் முந்துவார். நான்கு பாருக்கு ஒரு குறி வைத்து நேராக்குங்கள், போதும். ஒவ்வொரு அடிக்கும் குறி வைத்தால் அந்த உற்சாகமும் சேர்ந்து போய்விடும்.