கானலியின் கோபக் கடிதத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி: அயர்லாந்துத் தொழிற்சங்க வரலாறு பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். அயர்லாந்துப் போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் லார்கினின் கீழ் இனி வேலை செய்ய முடியாது என்று, அதே சங்கத்தில் இருந்த சோசலிசத் தலைவர் ஜேம்ஸ் கானலி 1913 ஜூலையில் கடிதம் எழுதுகிறார். அடுத்த சில வாரங்களில் அதே லார்கினோடு தோளோடு தோள் நிற்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்பலாம். முதலில், அந்தக் கடிதம் எங்கிருந்து யாருக்குப் போனது என்று பாருங்கள். கானலி அப்போது பெல்பாஸ்டில் சங்க அமைப்பாளர். பெறுநர் வில்லியம் ஓ'பிரையன், டப்ளினில் தையல் தொழிலாளி, கானலியின் பல வருட நண்பர். அமெரிக்காவுக்குப் போனதே பெரிய தவறு என்று 1909இல் கானலி மனம் திறந்ததும் இவரிடம்தான். இப்படிப்பட்ட நண்பரிடம் கொட்டிய ஆத்திரத்தைச் சங்கத்தின் முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம், கடிதம் இல்லாத நாட்களைக் கவனியுங்கள். ஆராய்ச்சியாளர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். 1913 ஆகஸ்ட் 26 அன்று டப்ளினில் டிராம் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதுவே பெரும் கதவடைப்பாக (முதலாளிகள் தொழிலாளர்களை வேலைக்கு விடாமல் வெளியே நிறுத்துவது) மாறிய நாட்களில் கானலி டப்ளினுக்கு வந்துவிட்டார். நண்பரை நேரில் பார்த்துப் பேச முடிகிறபோது எதற்குக் கடிதம்? பிரிந்திருந்தபோது வந்த கோபம் தாளில் தங்கிவிட்டது. சேர்ந்து உழைத்த நாட்களில் பேசியது காற்றோடு போய்விட்டது. அக்டோபர் கடைசியில் லார்கின் சிறைக்குப் போனபோது போராட்டத்தைத் தாங்கி நடத்தியவர் கானலி. அதற்கான சான்றைக் கடிதங்களைவிட அன்றைய செய்தித்தாள்களிலும் சங்கத்தின் வாரப் பத்திரிகையிலும் தேடுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். இந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தவர் ஓ'பிரையன். லார்கின் 1923இல் அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் இருவருக்கும் கடும் பகை மூண்டது, 1924இல் சங்கமே உடைந்தது. ஆக, லார்கினைக் குறை சொல்லும் கடிதம் லார்கினின் எதிரி காத்த பெட்டியிலிருந்து நம் கைக்கு வருகிறது. அதனால் கடிதம் பொய்யாகிவிடாது. ஆனால் இந்த விவரத்தை ஆய்வேட்டில் ஒரு வரியாவது சொல்லிவிடுங்கள்.

ஓ'பிரையனின் தாள்கள் டப்ளினில் அயர்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அங்கே போக வசதியில்லை என்றால், டோனல் நெவின் தொகுத்து 2007இல் வந்த கானலி கடிதத் தொகுப்பில் தொடங்குங்கள். ஜூலைக் கடிதத்தை மட்டும் தேடிப் படிக்காமல் 1911 முதல் வரிசையாகப் படியுங்கள்.