அமெரிக்கக் கால்பந்தின் மிகச் சிறந்த ரன்னிங் பேக் (பந்தை ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டக்காரர்) யார்? அதிக யார்டு ஓடிய எம்மிட் ஸ்மித் தானா?

என் பதில் ஜிம் பிரவுன்.

மொத்த யார்டு கணக்கில் 18,355 யார்டுடன் எம்மிட் ஸ்மித் தான் முதலிடம். ஆனால் அவர் 15 சீசன் ஆடினார், டல்லஸ் அணியில் எதிராளிகளைத் தடுத்து அவருக்கு வழி திறந்துகொடுத்த சக ஆட்டக்காரர்களின் வரிசையும் அபாரமானது. மொத்தம் என்பது நீண்டகால உழைப்பைக் காட்டும். அதுவும் பெரிய விஷயம்தான், ஆனால் உச்சத்தைக் காட்டாது.

பிரவுன் கிளீவ்லேண்ட் அணிக்காக 1957 முதல் 1965 வரை 9 சீசன் மட்டுமே ஆடினார். அதில் 8 முறை லீக்கிலேயே அதிக யார்டு ஓடியவர் அவர்தான். ஒரு சீசனுக்கு முதலில் 12 ஆட்டம், 1961 முதல் 14 ஆட்டம். அப்படியிருந்தும் 12,312 யார்டு! ஆட்டத்துக்குச் சராசரி 104.3. மொத்த ஆட்டவாழ்விலும் சராசரியாக 100-ஐத் தாண்டியவர் இன்றுவரை அவர் ஒருவரே. இத்தனை அடி வாங்கியும் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. 1966-ல், 30 வயதில், உச்சத்தில் இருக்கும்போதே விலகிவிட்டார்.

அந்தக் கால எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் உடலளவில் சிறியவர்கள் என்பார்கள். சரி, ஆனால் அதே எதிராளிகளை எதிர்கொண்ட மற்றவர்கள் யாரும் மொத்தக் கணக்கில் அவர் பக்கத்தில்கூட வரவில்லையே!

கண்ணுக்கு விருந்து என்றால் பாரி சாண்டர்ஸ். 1997-ல் 2,053 யார்டு ஓடினார், நின்ற இடத்திலேயே திசை மாறுவார். ஓட்டம், சக வீரருக்காக எதிராளியைத் தடுப்பது, பந்தைப் பிடிப்பது எல்லாம் சேர்ந்த முழுமை வேண்டுமென்றால் சிகாகோவின் வால்டர் பேட்டன். இந்த இருவரில் ஒருவரை நீங்கள் முதலிடத்தில் வைத்தால் நான் பெரிதாகச் சண்டை போட மாட்டேன்.