நம்பர் அழிந்த பழைய டிரான்சிஸ்டரில் எமிட்டர், பேஸ், கலெக்டர் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

கேக்கறதைப் பாத்தா உக்கடம் பழைய சாமான் கடையில ஒரு பை நிறைய அள்ளிட்டு வந்திருக்கீங்கன்னு நினைக்கறேன். முதல்ல டிரான்சிஸ்டரோட உடம்பைப் பாருங்க, மல்டிமீட்டரை அப்புறம் எடுக்கலாம்.

எஸ்எல் 100, பிசி 107 மாதிரி உலோகத் தொப்பின்னா ஓரத்துல சின்னதா ஒரு நாக்கு நீட்டிட்டிருக்கும். காலுக நம்மைப் பாக்கற மாதிரி கவுத்துப் பிடிச்சு, நாக்குலிருந்து கடிகாரச் சுத்துல எமிட்டர், பேஸ், கலெக்டர். மேலிருந்து பாத்தா வரிசை மாறிரும். பாதிப் பேர் தப்பு பண்றது இங்கதானுங்க. ஓசி 71, ஏசி 128 வகையில வண்ணப் புள்ளி பக்கத்துல இருக்கறது கலெக்டர். ஏஎஃப் 117ல நாலு கால். தள்ளி நிக்கறது கலெக்டர், அதுக்கு அடுத்தது கூட்டோட சேர்ந்த கவசக் கால். கூட்டுக்குள்ள தகர மயிரிழை வளர்ந்து மத்த காலுகளோட ஷார்ட் ஆகறது இந்த வகைக்கே உள்ள நோய்.

அடையாளம் எதுவும் இல்லைன்னா டிஜிட்டல் மீட்டரை டையோடு ரேஞ்சுல வைங்க. எந்தக் கால் மத்த ரெண்டோடயும் ரீடிங் தருதோ அது பேஸ். அதுல சிவப்பு வயர் இருந்தா என்பிஎன் வகை, கருப்புன்னா பிஎன்பி வகை. 0.6லிருந்து 0.7 வோல்ட் வரை வந்தா சிலிக்கான்ல செஞ்சது, 0.2 சுமாருக்கு வந்தா ஜெர்மானியத்துல செஞ்சது.

எமிட்டரா கலெக்டரான்னு பிரிக்கறதுதான் சிக்கல். சிலிக்கான்ல எமிட்டர் பக்கம் சில மில்லிவோல்ட் கூடுதலாக் காட்டும். ஆனா உடம்பைக் கையில பிடிச்சிட்டு அளக்காதீங்க. ஒரு டிகிரி சூடேறினா சுமார் 2 மில்லிவோல்ட் குறையும், இருக்கற வித்தியாசம் அதுலயே போயிரும்.

ஜெர்மானியத்துக்கு முள் மீட்டர்தான் சரி. எக்ஸ் 1கே ரேஞ்சுல வைங்க. பெரும்பாலான முள் மீட்டர்ல ஓம் அளக்கறப்ப கருப்பு வயர்லதான் பாசிட்டிவ் வரும், அதை மறக்காதீங்க. பேஸ் தவிர்த்த ரெண்டு காலுக்கும் வயரைக் கொடுத்து, என்பிஎன்னா கருப்பு வயர் இருக்கற காலையும் பேஸையும் ஈர விரலால தொடுங்க. பிஎன்பின்னா சிவப்பு வயர் இருக்கற காலையும் பேஸையும். வயரை மாத்திப் போட்டு மறுபடி தொடுங்க. எந்தப் பக்கம் முள் அதிகமா ஓடுதோ, அப்ப விரல் பட்ட கால் கலெக்டர். எக்ஸ் 10கே வேண்டாம். அதுல பேட்டரி வோல்டேஜ் ஜாஸ்தி, எமிட்டர் ஜங்ஷன் தாங்காம பிரேக்டவுன் ஆகி, தலைகீழாவும் கரண்டை விட்டு ஏமாத்திரும்.

இப்ப வர்ற, எந்தக் கால் எதுன்னு தானாச் சொல்ற ஆட்டோ டெஸ்டர்ல செருகினாப் போதுமேன்னு ஒருத்தர் சொல்லுவார். சிலிக்கானுக்குச் சரிங்க, நானே சிபாரிசு பண்ணுவேன். ஜெர்மானியத்துல கசிவு கரண்ட் கூடினா அது காலையே மாத்திச் சொல்லும்.

சம்பந்தமில்லாட்டியும் சொல்லோணும். காலைல கோவை வானொலி கேட்ட பெட்டிகளை, டிரான்ஸ்ஃபார்மர் செம்புக்காக எடைக்குப் போட்டு உடைக்கறாங்க. உள்ள இருக்கற ஏசி 127, 128 ஜோடி இனி யாரும் செஞ்சு தரப்போறதில்லைங்க. வாங்கறவங்க போர்டை மட்டுமாவது தனியா எடுத்து வைக்கலாம்.

போர்டுல இருந்தபடி அளந்தா சுத்தி இருக்கற ரெசிஸ்டர், காயிலெல்லாம் சேர்ந்து காட்டும், கழட்டித்தான் அளக்கோணும். கழட்டறப்ப உடம்புக்கும் சால்டரிங் அயனுக்கும் நடுவுல காலைக் குறடால பிடிச்சுக்குங்க, சூடு உள்ள ஏறாது. நல்லா ஆறின பின்னால அளங்க.