பெற்றோருக்கு வீடு: பாத்ரூமில் தொடங்குங்கள்

கேள்வி: பொள்ளாச்சி அருகே 75 வயது அப்பாவுக்கும் மூட்டுவலி உள்ள அம்மாவுக்கும் 700 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டுகிறோம். பேஸ்மட்டம் ஒன்றரை அடி, சுவர் இனிமேல்தான். நாங்கள் வெளியூரில் இருப்பதால் அவர்கள் தனியாகவே சமாளிக்க வேண்டும். எதையெல்லாம் இப்போதே கவனிக்க வேண்டும்?

பதில்: நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு பாதி வேலைகளைச் செய்யவே முடியாது. யாரையும் கூப்பிடாமல் இந்த வேலையை அவர்களால் முடிக்க முடியுமா என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டுப் பாருங்கள். முதலில் பாத்ரூம்.

வழக்கமாக வைக்கும் இரண்டரை அடிக் கதவு போதாது. வாசக்காலின் வெளி அளவு மூன்றரை அடி இருந்தால்தான், கட்டையும் கதவின் தடிமனும் போக, வாக்கரோ சக்கர நாற்காலியோ நுழைய ஏறக்குறைய 3 அடி வழி கிடைக்கும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை ஒட்டிக் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள்.

வாசலில் தண்ணீரைத் தடுக்கப் படி கட்டாதீர்கள். கால் தடுக்குவது பெரும்பாலும் அங்கேதான். அறையின் தரையும் பாத்ரூம் வாசலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். அங்கிருந்து 6 அடிக்கு ஓர் அங்குலம் என்ற சரிவில் தரை இறங்கி, குளிக்கும் மூலையில் நீண்ட வடிகாலில் முடியட்டும். மண் நிரப்பும்போதே மட்டத்தைக் கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். டைல்ஸ் சொரசொரப்பாகவும் சுவரிலிருந்து வேறு நிறத்திலும் இருக்க வேண்டும். பார்வை மங்கியவர்களுக்கு வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளை வெஸ்டர்ன் டாய்லெட் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும்.

டாய்லெட் இருக்கை தரையிலிருந்து 45 முதல் 48 செ.மீ. உயரம் வேண்டும். அதன் நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி இருந்தால், அந்தச் சுவரில் பொருத்தும் கைப்பிடிக் கம்பிக்குக் கை எளிதாக எட்டும். எழும்போது கை தானாகவே ஏதாவதொன்றைத் தேடும். அருகில் டவல் ராடு இருந்தால் அதைப் பிடிப்பார்கள். அது ஆளின் எடையைத் தாங்காமல் பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே பக்கச் சுவரில் 70 செ.மீ. உயரத்தில் ஒரு கிடைக்கம்பியும், முன்பக்கம் ஒரு செங்குத்துக் கம்பியும் தேவை. கம்பி சுமார் 35 மி.மீ. பருமன், சுவரிலிருந்து 4 செ.மீ. இடைவெளி. இடைவெளி கூடினால் கை உள்ளே நழுவிச் சிக்கிவிடும்.

ஹாலோ பிளாக்கிலும், ஏஏசி பிளாக் எனும் எடை குறைந்த கான்கிரீட் கல்லிலும், கம்பியின் திருகாணிக்காகச் சுவரில் செருகும் சாதாரண பிளக் நிற்காது. தரையிலிருந்து இரண்டு அடி முதல் ஐந்து அடி வரை கம்பி வரும் சுவரைத் திடமான செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ கட்டச் சொல்லுங்கள். பூசுவதற்கு முன், பைப்பும் ஒயரும் போகும் இடம் தெரியும்படி அளவு டேப் பிடித்து ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். பின்னால் துளையிடும்போது பைப்பும் ஒயரும் தப்பிக்கும்.

இரவில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையை ஒட்டிச் சிறு விளக்குகள், கட்டிலருகே டூ-வே சுவிட்ச் (ஒரே விளக்கை இரண்டு இடங்களிலிருந்து போட்டு அணைப்பது). இவற்றை இன்வெர்ட்டர் லைனில் சேருங்கள். பிளக் பாயின்ட்டுகள் தரையிலிருந்து இரண்டடிக்குக் கீழே வேண்டாம்.

அடுத்து வீட்டு வாசல். ஒன்றரை அடி ஏற, 12-க்கு 1 என்ற சரிவில் சாய்தளம் 18 அடி நீளம் வரும். அகலம் 4 அடி, இருபுறமும் கைப்பிடி. வாசல் முன்னால் 5 அடிக்கு 5 அடி சமதளம் விடுங்கள். படிகளையும் விட்டுவிடாதீர்கள். மூட்டுவலிக்காரர் பலருக்குச் சரிவில் இறங்குவதைவிட, 15 செ.மீ. உயரப் படியில் கைப்பிடி பிடித்து இறங்குவது எளிது.

சமையலறையில் லாஃப்ட் வேண்டவே வேண்டாம். இருந்தால் அம்மா ஸ்டூல் போட்டு ஏறுவார். மேடையில் மூன்றடி நீளத்தை 30 அங்குல உயரத்தில், அடியில் கால் நீட்ட இடம் விட்டுக் கட்டினால், உட்கார்ந்தே காய் நறுக்கலாம்.

கம்பி பொருத்தும் நாளில் அப்பாவையும் அம்மாவையும் அழைத்து வாருங்கள். டாய்லெட் இருக்கையில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். அவரவர் கை தானாகப் போகும் இடத்தில் சாக்பீஸால் குறியிட்டு, மேலே சொன்ன உயரத்தைத் தேவைக்கேற்ப ஓரிரு அங்குலம் மாற்றிக்கொள்ளுங்கள்.