டைனோசர் பெரியது, அது செத்துவிட்டது

வணக்கம்.

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கிறோம். கணக்கு, அறிவியல் எல்லாம் ஓரளவு ஓடுகிறது. எழுத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறோம். மகனுக்கு 9 வயது. டைனோசர் என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவான். அதையே எழுதச் சொன்னால் ‘டைனோசர் பெரியது. அது செத்துவிட்டது’ என்று எழுதிப் பென்சிலை வைத்துவிடுவான். 12 வயது மகள் நேர்மாறு. பக்கம் பக்கமாக எழுதுகிறாள், எங்கே தொடங்கி எங்கே போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. இதுவரை இரண்டு பாடத்திட்டங்கள் வாங்கிவிட்டோம். ஒன்று, குறிப்பெடுத்து, பத்தி பிரித்து, பட்டியலில் டிக் போட்டு எழுதவைப்பது. மகன் அழுதுவிட்டான். இன்னொன்று, ‘மனதில் தோன்றுவதை எழுது’ வகை. மகள் இன்னும் நாலு பக்கம் கூடுதலாக எழுதினாள். மூன்றாவதாக எதை வாங்கலாம்? இருவருக்கும் பொதுவாக ஒன்று இருந்தால் எனக்கும் சுலபம்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

மூன்றாவதை இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வாங்கிய இரண்டுமே உருப்படியானவைதான், ஆள்தான் மாறிவிட்டது. பட்டியல் போட்டு எழுதவைக்கும் திட்டம் மகளிடம் போயிருக்க வேண்டியது. மகனுக்கோ இரண்டுமே இப்போது வேண்டாம். ‘தோன்றுவதை எழுது’ என்று அவனிடம் சொல்ல என்ன இருக்கிறது? தோன்றுவதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

எழுதுவது என்று நாம் சொல்வது ஒரே சமயத்தில் நடக்கும் நாலைந்து வேலைகள். என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது, வாக்கியத்தை எப்படி முடிப்பது, இந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து, அதைக் கோட்டுக்குள் எப்படிப் போடுவது. பெரியவர்களுக்குக் கடைசி இரண்டும் கைபாட்டுக்கு நடக்கும். 9 வயதில் அப்படி நடக்காது. பெரிய ‘ற’வா சின்ன ‘ர’வா என்று யோசித்து முடிப்பதற்குள் சொல்ல வந்தது நழுவிவிடுகிறது. அதனால் பையன் தனக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து விஷயத்தை முடித்துக்கொள்கிறான். கெட்டிக்காரன்தான்.

இது உண்மைதானா என்று ஒரு நாள் பார்த்துவிடுங்கள். அவன் பேசட்டும், நீங்கள் எழுதுங்கள். திருத்தாமல், அழகுபடுத்தாமல், அவன் சொன்னது சொன்னபடி. அரைப் பக்கம் வந்தால் போதும். அதை அவன் எழுதிய இரண்டு வரிக்குப் பக்கத்தில் வைத்தால் விடை தெரிந்துவிடும். பேச்சிலும் சரக்கு இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட வேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். பேச்சில் இருப்பது தாளில் வரவில்லையென்றால் தடை கையிலும் எழுத்துக்கூட்டலிலும் இருக்கிறது. உங்கள் மகன் இந்த இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன்.

இந்த வேலைகளைத் தனித்தனியே பிரித்துப் பழக்கியவர் இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923). வீட்டுக்கல்விக்காரர்கள் பலர் இன்றும் அவர் வழியில்தான் போகிறார்கள். ஒரு முறை வாசித்ததைப் பிள்ளை தன் சொற்களில் வாயால் சொல்லும். தனியாக இன்னொரு நேரத்தில் நல்ல வாக்கியங்களைப் பார்த்து எழுதும். கொஞ்சம் வளர்ந்ததும், முன்கூட்டியே படித்துவைத்த பத்தியைச் சொல்லச் சொல்ல எழுதும். சொந்தமாகக் கட்டுரை எழுதுவதற்கு அவர் அவசரப்படுத்தவில்லை. மகனுக்கு இந்த வகையில் அமைந்த எதுவும் பொருந்தும். காசு கொடுத்து வாங்காமலும் செய்யலாம்: அவன் சொல்லி நீங்கள் எழுதிய டைனோசர் பக்கத்திலிருந்தே மறுநாள் இரண்டு வாக்கியங்களை அவன் பார்த்து எழுதட்டும். பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

மகள் விஷயம் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. அமெரிக்க எழுத்தாளரும் அறிவியலாளருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவயதில் எழுதிய கடிதங்களைப் பார்த்த அவருடைய அப்பா, எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறிகளும் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, ஒழுங்கும் தெளிவும் போதவில்லை என்றாராம். பையன் என்ன செய்தார் தெரியுமா? ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் கட்டுரைகளை எடுத்து, வாக்கியத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதிக்கொண்டு, சில நாள் தள்ளிவைத்தார். பிறகு குறிப்பை மட்டும் பார்த்து அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டார். சில சமயம் குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துப்போட்டு, சில வாரம் கழித்துச் சரியான வரிசையில் அடுக்கிப் பார்த்தார். உங்கள் மகளுக்கு வேண்டியது இந்தக் கலைத்து அடுக்கும் வேலைதான். அவள் எழுதிய நாலு பக்கத்தையே பத்தி பத்தியாக வெட்டி மேஜையில் பரப்பி, அடுக்கச் சொல்லுங்கள். எந்தத் துண்டுக்கு இடம் கிடைக்கவில்லையோ அதை அவளே தூக்கிப்போடுவாள். நீங்கள் சிவப்பு மையில் அடித்தால் அதே வேலைக்குச் சண்டை வரும். இது பழகியதும் அந்த முதல் பாடத்திட்டத்தை அவளிடம் கொடுங்கள். டிக் போடும் பட்டியலை மட்டும் கொஞ்ச நாள் ஒளித்துவையுங்கள்.

ஆக, இருவருக்கும் பொதுவாக ஒன்று இப்போது கிடையாது. சுலபமாக இருக்காதுதான்.

பிறகு எப்போதாவது வாங்கப் போனால் பொருளடக்கத்தை நம்பாதீர்கள், மாதிரிப் பக்கங்களைப் பாருங்கள். பிள்ளை உண்மையில் எழுதும் வரிகள் எத்தனை, கோடிட்ட இடத்தை நிரப்புவது எத்தனை? தனி இலக்கணப் பயிற்சி நிறைந்த புத்தகமென்றால் நான் வைத்துவிட்டு வந்துவிடுவேன். 4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் இருவரும் 2007இல் வெளியிட்ட அறிக்கையில், இலக்கணத்தைத் தனிப்பாடமாக நடத்துவது எழுத்தை மேம்படுத்தவில்லை என்று தெரிந்தது. வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி உதவியது. ‘நாய் குரைத்தது. நாய் வேலியைத் தாண்டியது. வேலி உயரமானது.’ இதை ஒன்றாக்கு என்றால் ஒரு பிள்ளை ‘குரைத்துக்கொண்டே உயரமான வேலியைத் தாண்டியது நாய்’ என்னும். இன்னொன்று வேறு மாதிரி எழுதும். இரண்டும் சரி. பாதி இலக்கணம் இதிலேயே வந்துவிடும்.

ஆசிரியர் குறிப்பையும் படியுங்கள். தினம் ஒரு மணி நேரம் நீங்கள் தயார் செய்ய வேண்டிய திட்டம் எவ்வளவு நல்லதானாலும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடக்காது.

மகனைப் பற்றி இன்னொன்று. சில மாதம் இப்படிச் செய்த பிறகும் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே இதே தூரம் இருந்தால், எழுதும்போது கை வலிக்கிறது என்றால், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதினால், டிஸ்கிராஃபியா போன்ற எழுத்துச் சிரமம் இருக்கிறதா என்று தெரிந்தவர்களிடம் காட்டிவிடுங்கள். சோம்பேறி என்று மட்டும் முடிவுகட்ட வேண்டாம். அதற்காக எழுத்தை நிறுத்திவைக்கவும் தேவையில்லை. தட்டச்சு கற்றுக்கொடுங்கள், அதுவரை அவன் சொல்வதை நீங்கள் எழுதிக்கொண்டிருங்கள்.