மூலக்கூறு முனைவுள்ளதா? தாளில் வரைந்த படத்தை நம்பாதீர்கள்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். டைகுளோரோமீத்தேனில் இரண்டு குளோரினும் எதிரெதிரே இருப்பதால் ஒன்றையொன்று நீக்கிவிடும், ஆகவே முனைவற்றது (மின்சுமை ஒரு பக்கமாகச் சாயாதது) என்று எழுதினேன். தவறு என்று அடித்துவிட்டார்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு மட்டும் அதே காரணம் எப்படிச் சரியாகிறது? மைய அணுவில் தனித்த இரட்டை எலக்ட்ரான்கள் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி) இருந்தால் முனைவுள்ளது என்ற குறுக்குவழியை நம்பலாமா?

பதில்: நீங்கள் யோசித்த முறை சரிதான். கோளாறு நீங்கள் வரைந்த படத்தில் இருக்கிறது. கார்பனை நடுவில் போட்டு நாலு பக்கமும் கோடு இழுத்தால் குளோரின்கள் எதிரெதிரே இருப்பதுபோலத்தான் தெரியும். உண்மையில் அந்த மூலக்கூறு தட்டையானது அல்ல, நான்முகி.

வீட்டிலேயே செய்து பார்த்துவிடலாம். ஒரு சின்ன உருளைக்கிழங்கில் நாலு ஈர்க்குச்சிகளை ஒன்றுக்கொன்று முடிந்த அளவு விலகியிருக்கும்படி குத்துங்கள். மேசையில் வைத்தால் மூன்று கால்போல ஊன்றிக்கொள்ளும், ஒன்று மேலே நிற்கும். ஏதாவது இரண்டு குச்சிகளின் நுனியில் மை தடவுங்கள், அவைதான் குளோரின்கள். எந்த இரண்டைத் தேர்ந்தெடுத்தாலும் அவை பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், நடுவே சுமார் 110 பாகை கோணம். நான்முகியில் எதிரெதிர் மூலை என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆக இரண்டு குளோரின்களும் ஒரே பக்கமாக எலக்ட்ரான்களை இழுக்கின்றன. மறுபக்கம் உள்ள ஹைட்ரஜன்கள் கார்பனைவிடக் கவர்தன்மை (பிணைப்பு எலக்ட்ரான்களை இழுக்கும் திறன்) குறைந்தவை, அதனால் அவையும் அதே திசைக்கே வலு சேர்க்கின்றன. இருமுனை திருப்புத்திறன், அதாவது முனைவின் அளவு, சுமார் 1.6 டிபை (அதன் அலகு).

நாலு நுனியிலும் மை தடவினால் அது கார்பன் டெட்ராகுளோரைடு. கீழே உள்ள மூன்று பிணைப்புகளில் ஒவ்வொன்றும் கீழ்நோக்கித் தரும் பங்கு அதன் இழுப்பில் சரியாக மூன்றில் ஒன்று. மூன்றும் சேர்ந்தால் மேலே உள்ள ஒன்றுக்குச் சமம். எனவே சுழி. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

கார்பன் டை ஆக்சைடில் உங்கள் வாதம் செல்லுபடியாகக் காரணம், அது நிஜமாகவே நேர்கோட்டு மூலக்கூறு. கோணம் 180 பாகை. கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு ஒவ்வொன்றும் நல்ல முனைவுள்ளது (கவர்தன்மை 2.55, 3.44), ஆனாலும் மொத்தம் சுழி. சல்ஃபர் டை ஆக்சைடும் ஒரு மைய அணு, இரண்டு ஆக்சிஜன்தான். ஆனால் சல்ஃபரிலுள்ள தனித்த இரட்டை அதைச் சுமார் 119 பாகைக்கு வளைத்துவிடுகிறது. உடனே 1.6 டிபை வந்துவிடுகிறது. நீரிலும் இதே கதை: 104.5 பாகை, 1.85 டிபை.

இதைப் பார்த்துத்தான் அந்தக் குறுக்குவழியைச் சொல்கிறார்கள். நம்பாதீர்கள், இரண்டு பக்கமும் அது சறுக்கும். டைகுளோரோமீத்தேனின் கார்பனில் தனித்த இரட்டையே இல்லை, ஆனாலும் முனைவுள்ளது. செனான் டெட்ராஃபுளூரைடில் இரண்டு உண்டு, ஆனால் ஒன்று தளத்துக்கு மேலே, ஒன்று கீழே. சதுரத் தளத்தில் நாலு ஃபுளூரினும் ஒன்றையொன்று நீக்கிவிட, மொத்தம் சுழி.

தனித்த இரட்டை இருக்கிறதா என்பதோடு, அது எந்தத் திசையில் நிற்கிறது என்றும் பாருங்கள். நுழைவுத் தேர்வுகளில் விரும்பிக் கேட்கப்படும் அம்மோனியா, நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடு ஒப்பீடு இதில்தான் அடங்கியிருக்கிறது. இரண்டும் ஒரே பிரமிடு வடிவம், பிணைப்பின் கவர்தன்மை வேறுபாடும் கிட்டத்தட்ட சமம். ஆனால் முன்னதற்கு 1.47 டிபை, பின்னதற்கு வெறும் 0.23. அம்மோனியாவில் பிணைப்புகளின் இழுப்பு நைட்ரஜனை நோக்கி, அதாவது தனித்த இரட்டை இருக்கும் பக்கமாகவே போகிறது. மற்றதில் ஃபுளூரின்கள் எதிர்ப்பக்கம் இழுத்து, தனித்த இரட்டையின் பங்கைப் பெரும்பாலும் அடித்துவிடுகின்றன.

இன்னொன்று. வினாத்தாளில் '1,2-டைகுளோரோஎத்தீன்' என்று மட்டும் கொடுத்திருந்தால் விடை சொல்ல முடியாது. அதன் சிஸ் வடிவத்தில் குளோரின்கள் ஒரே பக்கம்: 1.9 டிபை, கொதிநிலை சுமார் 60 டிகிரி செல்சியஸ். டிரான்ஸ் வடிவத்தில் அவை எதிரெதிர்ப் பக்கம்: சுழி, 48 டிகிரியிலேயே கொதித்துவிடும். எது என்று குறிப்பிடாவிட்டால் இரண்டையும் வரைந்து, தனித்தனியாக விடை எழுதுங்கள்.